நெடுந்தீவுக்கு ஒரு பகல் போதாது

நெடுந்தீவுக்குப் போய்வந்தவர்களில் பாதிப்பேர் சொல்வது ஒரே கதைதான்: "அங்கை என்ன கிடக்கு? வெயிலும் கல்லும்." மீதிப்பேர் பெருக்கமரத்துப் பொந்துக்குள் நின்று எடுத்த படத்தை முகநூலில் போட்டுவிட்டு அடுத்த ஊரைத் தேடிப் போய்விடுவார்கள். முதல் கூட்டத்தார் சொல்வதில் பொய்யில்லை. வெயிலும் கல்லும்தான் அந்தத் தீவு. ஆனால் காலைப் படகில் போய், இறங்குதுறையில் ஓட்டோ பிடித்து, ஓட்டோக்காரர் சொல்கிற இடமெல்லாம் இறங்கி ஏறி, பிற்பகல் படகுக்கு ஓடிவருகிறவருக்கு அந்தக் கல்லை நின்று பார்க்க நேரம் ஏது?

நான் பகலோடு திரும்பியும் இருக்கிறேன், இரவு தங்கியும் வந்திருக்கிறேன். இரண்டும் இரண்டு வேறு தீவுகள். போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக்குநீரிணைக்குள் சிதறிக் கிடக்கும் தீவுகளில், ஆட்கள் குடியிருப்பவற்றில் கடைசித் தீவு இது. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் தாம்போதி போட்டுத் தரையோடு பிணைக்கப்பட்டுவிட்டன. நயினாதீவுக்குக் கடல்தான் வழி என்றாலும், புங்குடுதீவுக் கரையில் நின்றாலே நாகபூசணி அம்மன் கோயில் கோபுரம் தெரியும். நெடுந்தீவுக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் கிடக்க வேண்டும். பரப்பளவு 50 சதுர கிலோமீற்றர் அளவில். சனம் 5,000 பேர் கூட இல்லை.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், புங்குடுதீவின் கரையில் படகுகள் புறப்படும் குறிகட்டுவானில் இறக்கிவிடுவார்கள். சொந்த வாகனத்தில் போகிறவர்கள் இந்தப் பாதையை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பண்ணைத் தாம்போதியில் ஏறிய கணத்திலிருந்து கடல் இரண்டு பக்கமும் கூடவே வரும். அது ஆழக்கடல் இல்லை. முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நடந்து போய் இறால் கூடு தூக்கிப் பார்ப்பார்கள். வரிசையாக நட்ட கம்புகளில் களங்கண்டி வலை கட்டியிருக்கும். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் நீண்ட தாம்போதியில் காற்று பஸ்ஸை ஒருபக்கம் தள்ளும். புங்குடுதீவுக்குள் நுழைந்தால் கூரை விழுந்த பெரிய கல்வீடுகள் வரிசையாக வரும். சொந்தக்காரர்கள் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார்கள். முற்றத்தில் பனங்கன்று வளர்ந்து நிற்கும். நெடுந்தீவில் பார்க்கப்போகும் வெறுமைக்கு இது ஒரு முன்னுரை மாதிரி. யன்னல் பக்க இருக்கை பிடியுங்கள், காலைப் பஸ்ஸில் போங்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போகிற கூட்டம்தான் அதிகம். கோயிலுக்கும் விகாரைக்கும் தெற்கிலிருந்தெல்லாம் சனம் வரும். அந்த வரிசையில் போய் நின்றுவிடாமல், "நெடுந்தீவுப் படகு எது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்கப் படகும் உண்டு, தனியார் படகுகளும் உண்டு. நேரம் காலத்துக்குக் காலம் மாறும். இணையத்தில் கிடக்கும் பழைய அட்டவணையை நம்பிப் போகாமல், முதல்நாளே தீவில் யாரிடமாவது தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. தங்க இடம் பதிவு செய்திருந்தால் அந்த வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். போகும் படகைவிடத் திரும்பும் படகின் நேரத்தைத்தான் அழுத்திக் கேட்க வேண்டும்.

இந்தப் படகு சுற்றுலாப் படகு இல்லை. தீவின் ஒரே பாதை. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சீமெந்து, மோட்டார்சைக்கிள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் மருந்தெடுத்துவிட்டு வரும் வயோதிபர், தினமும் போய்வரும் ஆசிரியர்கள், எல்லாம் அதில்தான். விடுமுறை நாளில் கூட்டமாகப் போய், இருக்கைகளில் பையை வைத்து இடம் பிடிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஊர்ச்சனம் முகத்தில் காட்டாது, ஆனால் மனதில் வைத்திருக்கும். உள்ளூர் ஆட்களை முதலில் ஏறவிட்டு, பிறகு ஏறுங்கள். சனி, ஞாயிறையும் பள்ளிக்கூட விடுமுறையையும் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கடல் ஆழமில்லை என்பதெல்லாம் கரையோரத்துக் கதை.

எந்த மாதம் போவது என்பதைக் காற்றிடம்தான் கேட்க வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும். அப்போது கடல் எழும்பி நிற்கும், படகின் முன்பக்கம் அடிக்கும் அலை உள்ளே இருப்பவர் தலையிலும் விழும். ஐப்பசி, கார்த்திகையில் மாரிமழை. புயல்சின்னம் என்றால் படகே ஓடாது. மாசி, பங்குனி மாதங்கள்தான் என் தெரிவு. கடல் அடங்கியிருக்கும், மாரிமழைத் தண்ணீர் குளங்களில் இன்னும் மிச்சமிருக்கும், புல் முழுதாகக் காய்ந்திருக்காது. வயிற்றைக் குமட்டுகிறவர்கள் கீழ்த்தட்டில் டீசல் மணத்துக்குள் இருக்காமல், காற்றுப் படும் இடத்தில், படகின் நடுப்பகுதியில் இருந்து, தூரத்துக் கரையைப் பார்த்தபடி வந்தால் ஓரளவு தப்பலாம். வெறும் வயிறும் கூடாது, புட்டும் கறியும் மூக்குமுட்டச் சாப்பிட்ட வயிறும் கூடாது.

தீவு கிட்ட வரும்வரை கண்ணில் படாது. அவ்வளவு தட்டை. முதலில் கடலுக்கு மேல் பனைகளின் தலை தெரியும், பிறகுதான் தரை.

மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், குதிரை, வளரும் கல், பெரிய பாதம், வெடியரசன் கோட்டை என்று ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டணத்தை மட்டும் ஏறுவதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள். ஆனால் நான் செய்வது வேறு. இரண்டு மூன்று இடங்களை மட்டும் சொல்லி, நடுவில் எங்காவது இறக்கிவிட்டு ஒரு மணிநேரம் கழித்து வரச்சொல்வேன். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "உங்கை இறங்கி என்ன செய்யப்போறியள்?" என்று ஒருவர் கேட்டார். வேலியைப் பார்க்கப்போகிறேன் என்றேன். மனிதர் சிரித்துவிட்டு, தானும் ஓட்டோவை நிறுத்தி என்னோடு நடந்து வந்தார். அன்று நான் தெரிந்துகொண்டதில் பாதி அவர் சொன்னது.

அந்தக் கல்வேலிகளுக்காகவே நெடுந்தீவுக்குப் போகலாம். குடாநாட்டில் கிடுகு வேலி, பனையோலை வேலி, கிளுவங்கதியால் வேலி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. வீட்டு வளவு, தோட்டம், ஒழுங்கை, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, அடுக்கித்தான் பிரித்திருக்கிறார்கள். சுண்ணாம்போ சீமெந்தோ கிடையாது. கல்லின் மேல் கல், இடைவெளிக்குள் சின்னக்கல். ஏன் இப்படி என்பதற்கு அந்த ஓட்டோக்கார அண்ணர் சொன்ன விளக்கம் எளிது. தோட்டம் செய்யவேண்டுமென்றால் முதலில் நிலத்திலிருந்து கல்லைப் பொறுக்கவேண்டும், பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? எல்லையில் போட்டால் மாடும் ஆடும் உள்ளே வராது. கல்லிடுக்கால் காற்றுப் போய்விடுவதால் சோளகம் வேலியைச் சாய்ப்பதும் இல்லை. அந்தத் தீவே பழைய பவளப்பாறையும் சுண்ணக்கல்லும்தான், மேலே மண் மெல்லிய போர்வை. வேலிக்கு அருகே குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவள உயிரிகள் விட்டுப்போன பூவடிவம், தேன்கூட்டுக் கண், மடிப்பு மடிப்பாக ஓடும் கோடு எல்லாம் தெரியும். காலையும் மாலையும் சாய்ந்த வெயிலில் பார்த்தால்தான் அது எழும்பி நிற்கும். உச்சிவெயிலில் வெறும் சாம்பல் நிறக் கல்.

ஒன்றைச் சொல்லவேண்டும். வேலிக்கல் அழகாக இருக்கிறதென்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கீழேயிருந்து ஒன்றை உருவினால் மேலே நிற்பது சரியும். வேலியின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் அப்படித்தான். திருப்பி அடுக்குவது அந்த வீட்டுக்காரர், நீங்கள் அல்ல.

கோட்டையும் இதே கல்தான். வைத்தியசாலைக்குப் பின்பக்கம், கடற்கரையோரம் இருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். போர்த்துக்கேயர் தொடங்கியது என்பாரும் உண்டு. இரண்டு மாடியாக இருந்திருக்கிறது. இப்போது மதில்களும் உடைந்த வாசல்களும்தான் மிச்சம். யாழ்ப்பாணக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். சுவரில் கைவைத்துப் பாருங்கள். வேலியில் பார்த்த அதே பூவடிவங்கள் இங்கே சுண்ணாம்புச் சாந்துக்கு நடுவில். சாந்துக்கான சுண்ணாம்பும் அந்தக் காலத்தில் முருகைக்கல்லைச் சுட்டு எடுத்ததுதான். வெளியிலிருந்து வந்தவனும் உள்ளூரானும் ஒரே கல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள்; ஒருவன் வேலி அடுக்கினான், மற்றவன் பீரங்கிக்கு மதில் கட்டினான். பக்கத்தில் ஒரு புறாக்கூடும் நிற்கிறது. செய்தி அனுப்பப் புறா வளர்த்தார்களாம். உயர்ந்த தூணின் மேல் சின்னச் சின்ன மாடங்கள். ஐந்து நிமிடம் போதும்.

கல்லுக்கு அடுத்தது தண்ணீர். பகலோடு திரும்புகிறவர்கள் போத்தல் தண்ணீரோடு வந்து போத்தல் தண்ணீரோடு போய்விடுவதால் இந்தப் பாடம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நான் தங்கிய வீட்டு அம்மா, கிணற்றடியில் நான் வாளியைத் தடாலென்று விட்டதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "தம்பி, அடியிலை போகவிடாதையுங்கோ. மேலாலை அள்ளுங்கோ. கலக்கினா உப்பு வந்திடும்." பிறகு பொறுமையாகக் காட்டினார்: இந்தக் கிணறு குளிக்க, அந்தப் பீப்பாவில் இருப்பது சமையலுக்கு, குடிக்க வேறு.

அவர் சொன்னது வெறும் பழக்கவழக்கம் இல்லை. இப்படிப்பட்ட சுண்ணக்கல் தீவில் ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் கல்லின் துளைகளால் கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கும். நன்னீர் எடை குறைவு, உப்புநீர் எடை கூட. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. நடைமுறையில் துளைகள் நிறைந்த பாறையில் அவ்வளவு கிடைக்காது. கணக்கின் மறுபக்கம்தான் பயங்கரம்: இறைத்து இறைத்து மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழே உப்பு அதைப் போலப் பல மடங்கு மேலேறும். மோட்டார் போட்டு இழுத்தால் கிணறு கெட்டுவிடும். ஒரு மாரி போதாது அது திருந்த. அந்த அம்மா மேலாலை அள்ளச் சொன்னதன் கணக்கு இதுதான்.

தீவுக்குக் குடிதண்ணீர் தந்த சாராப்பிட்டிக் கிணறுகளைப் போய்ப் பாருங்கள். பட்டியலில் கடைசியாக வரும், பலர் தவிர்த்துவிடுவார்கள். முருகைக்கல்லைக் குடைந்து வெட்டிய கிணறுகள் கிட்டக்கிட்ட. இப்போது கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டாலும், கடும் வெயில்காலத்தில் தண்ணீர்தான் இன்னும் தீவின் முதல் பேச்சு. ஆகவே விருந்தாளியாகப் போகிறவர்கள் குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், ஆளுக்கு மூன்று லீற்றருக்குக் குறையாமல். வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அங்கே அதைப் போட இடமில்லை. குளிக்க இரண்டு வாளி போதும்.

குதிரைகளின் கதையும் தண்ணீரில்தான் முடிகிறது. ஐரோப்பியர் காலத்தில் இங்கே குதிரை வளர்த்தார்கள். லாயத்தின் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. பிரித்தானியர் காலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற லெப்டினன்ற் தீவைப் பார்த்துக்கொண்டார், குதிரை வளர்ப்பில் அவர் பெயர் இன்றும் அடிபடுகிறது. அந்தத் தொழில் படுத்த பிறகு விடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள்தான் இப்போது திரியும் மட்டக்குதிரைகள். 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 1,846 ஹெக்டேயர். வேலியோ வாசலோ எதிர்பார்க்காதீர்கள். புல்வெளி, அங்கங்கே குளம், தூரத்தில் கடல், அவ்வளவுதான்.

நடுப்பகலில் ஓட்டோவில் போனால் எட்டத்தில் நாலைந்து புள்ளிகள் தெரியும், ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்து அவற்றை ஓடவைப்பார், நீங்கள் படம் எடுப்பீர்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கோடையில் மெலிந்து நிற்கும் விலங்கு அது. குளங்கள் வற்றிய ஆண்டுகளில் தாகத்தால் செத்துப்போன குதிரைகளைப் பற்றிய செய்தி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. விடிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ குளத்தடிக்குப் போய் எட்ட நின்றால், அவை தாமாகவே வரும். குட்டிகளோடு வரும். பிஸ்கற் நீட்டாதீர்கள். இதற்காகத்தான் இரவு தங்கச் சொல்கிறேன். இந்த இரண்டு நேரமும் பகல் பயணிக்குக் கிடைக்காது.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. பெருக்கமரம் பார்க்கவேண்டியதுதான். ஆபிரிக்க மரம், அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். நடுவில் ஆள் புகும் பொந்து. இலையுதிர்த்த நேரத்தில் போனால் அதன் உடம்பு முழுதாகத் தெரியும். பெயர் செதுக்குகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெரிய பாதமும் வளரும் கல்லும் நம்பிக்கை சார்ந்தவை. வளரும் கல்லுக்கு அங்கே பூ வைத்துக் கும்பிடுகிறார்கள், ஆகவே செருப்போடு ஏறி அளந்து பார்க்காதீர்கள். பாதத்தைத் தவிர்த்தாலும் பெரிய நட்டமில்லை. வெடியரசன் கோட்டை என்று காட்டும் கல்மேடுகள் சிதைந்த பௌத்த தூபிகள். முக்குவர் தலைவன் வெடியரசனின் கதை ஊர்வாயில் வாழ்கிறது, தொல்லியல் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள், அங்கே நின்று வாதாட வேண்டாம்.

தங்க விடுதிகள் சில உண்டு, பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கக்கூடாது. நாட்டின் மின்வலையோடு தீவுக்குத் தொடுப்பில்லை, நீண்டகாலமாக டீசலில்தான் மின்சாரம். கைத்தொலைபேசியை முன்கூட்டியே சார்ஜ் போட்டுவிடுங்கள். காசு தாளாகக் கையில் இருக்கட்டும். சாப்பாட்டை வந்திறங்கிய உடனே சொல்லிவைக்க வேண்டும், பிறகு கேட்டால் கடையில் ஒன்றும் இருக்காது. முன்கூட்டிச் சொன்னால் நண்டோ கணவாயோ அன்று பிடித்தது கிடைக்கும். தொப்பி, முழுக்கைச் சட்டை, தடித்த அடியுள்ள செருப்பு. முருகைக்கல் சாதாரணச் செருப்பைக் கிழித்துவிடும். பனை நிழல் நம்பத்தகுந்த நிழல் இல்லை.

திரும்பும் படகுக்கு முக்கால் மணிநேரம் முன்பே மாவிலித்துறைக்கு வந்துவிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அங்கேயுள்ள நினைவுத்தூபியைப் பாருங்கள். 1985 மே 15 அன்று இதே துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் போன குமுதினிப் படகில், குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நீங்கள் வந்த அதே பாதை. உங்களோடு வரிசையில் நிற்கும் வயதான ஆட்களில் யாருக்காவது அந்தப் படகில் உறவு இருந்திருக்கும். அங்கே சாய்ந்து நின்று செல்ஃபி எடுக்காதீர்கள் என்று சொல்லவேண்டியிருப்பதே வெட்கம்தான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மறுநாளுக்கு முக்கியமான அலுவல் எதையும் வைத்துக்கொண்டு போகாதீர்கள், குறிப்பாகக் கொழும்புக்கு இரவு பஸ்ஸோ விமானமோ. காற்று எழும்பினால் படகு நிற்கும். அப்போது தீவில் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்யவேண்டும்: துறைக்குப் போய்க் கேட்பது, வீட்டுக்குத் திரும்பி வருவது, தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடியும் போய்க் கேட்பது.